வீட்டோரம் திடீர்க் குழி: மூடின போர் மறுபடி வாய் திறப்பது ஏன்?

காலையில் வாசல் தெளிக்க வெளியே வந்தால் முருங்கை மரத்தடியில் ஒரு குழி. நேற்று ராத்திரி வரை அங்கே ஒன்றும் இல்லை. வட்டமாக, யாரோ அளவெடுத்து வெட்டின மாதிரி இருக்கிறது. எட்டிப் பார்த்தால் உள்ளே இருட்டு. கல்லைப் போட்டால் விழுந்த சத்தம் கேட்க நேரமாகிறது. கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிவிடும். “வானத்துலேருந்து ஏதோ விழுந்திருக்கு” என்பார் ஒருவர். “பாம்புப் புத்துங்க, பால் ஊத்துங்க” என்பார் இன்னொருவர். செல்போனில் வீடியோ எடுப்பவர்கள் விளிம்பிலேயே நிற்பார்கள்.

மழைக்காலத்தில் தமிழ்நாட்டு கிராமங்களில் இப்படிப்பட்ட குழிகள் புதிதல்ல. ஆனால் வானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? திருச்சி மாவட்டத்தில் இந்தக் கேள்வியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. காரணம் நடுக்காட்டுப்பட்டி.

நான்கு நாள், ஒரு குழி

மன்னார்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் போல திண்டுக்கல் பக்கமாகப் போனால் மணப்பாறை. முறுக்குக்கும் மாட்டுச் சந்தைக்கும் பேர்போன ஊர். அதன் பக்கத்துக் கிராமம் நடுக்காட்டுப்பட்டி. 2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டுப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தை கண்ணெதிரே பூமிக்குள் போனது. சில வருடங்களுக்கு முன் போட்டு, தண்ணீர் வராததால் மண்ணைக் கொட்டி மூடிவிட்ட போர் அது. மேலே புல்லும் செடியும் வளர்ந்து, அது இருந்த இடமே மறந்துபோன நிலை. மழையில் ஊறி, மூடியிருந்த மண் உள்ளே இறங்கிவிட்டது.

முதலில் குழந்தை சிக்கியிருந்தது சுமார் 26 அடி ஆழத்தில். கேமராவில் கை தெரிந்தது. அழுகைச் சத்தம் கேட்டது. கயிற்றில் சுருக்குப் போட்டுக் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார்கள். பிடி நழுவ, குழந்தை இன்னும் கீழே போனது. பிறகு 80 அடியையும் தாண்டியது. தீயணைப்புத் துறை, மாநில, தேசியப் பேரிடர் மீட்புப் படைகள், ஓஎன்ஜிசி, என்எல்சி, எல் அண்ட் டி என ஆளும் இயந்திரமும் வந்து சேர்ந்தன. போருக்குப் பக்கத்தில் சுமார் மூன்று மீட்டர் தள்ளி, ஒரு ஆள் இறங்கும் அகலத்துக்கு இன்னொரு குழி தோண்டி, அடியில் பக்கவாட்டில் குடைந்து போவது திட்டம்.

பாறை விடவில்லை. முதல் ரிக் திணறியது, அதைவிடப் பெரிய ரிக் வந்தது. நடுவில் மழையும் பெய்தது. 27-ஆம் தேதி தீபாவளி. பல வீடுகளில் பட்டாசு வெடிக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். 28-ஆம் தேதி இரவு போருக்குள்ளிருந்து துர்நாற்றம் வரத் தொடங்கியது. குழந்தை உயிரோடு இல்லை என்பதை, அப்போது வருவாய் நிர்வாக ஆணையராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் அறிவித்தார். 29-ஆம் தேதி அதிகாலையில் உடல் போர் வழியாகவே வெளியே எடுக்கப்பட்டது. பிறகு அந்தப் போரும் மீட்புக்குழியும் கான்கிரீட் கொட்டி மூடப்பட்டன.

மூடின மண் எங்கே போகிறது?

“நல்லாத்தாங்க மூடினோம், எப்படித் திறந்துச்சுன்னே தெரியல.” போர் திறந்துகொண்ட இடங்களில் எல்லாம் கேட்கும் பேச்சு இது. பெரும்பாலும் பொய்யும் இல்லை. மூடினது உண்மை. மூடின விதத்தில்தான் கோளாறு.

போர் போடும்போது மேலே கொஞ்ச ஆழத்துக்கு மண்ணும் உளுத்த பாறையும் இருக்கும். அது சரிந்து விழாமல் இருக்க கேசிங் பைப் இறக்குவார்கள். அதற்குக் கீழே கெட்டிப் பாறை வந்துவிட்டால் பைப் தேவையில்லை, பாறையே சுவர். 500, 600 அடி போயும் தண்ணீர் வரவில்லை என்றால் ரிக் வண்டி கிளம்பிவிடும். பல இடங்களில் காசு போட்டு வாங்கிய கேசிங் பைப்பையும் உருவி எடுத்துவிடுவார்கள், அடுத்த போருக்கு ஆகுமே என்று. மிச்சம் நிற்பது வெறும் மண் சுவர்.

அதன்பிறகு மூடுவது. கையில் கிடைத்த கல், பழைய சாக்கு, தென்னை மட்டை எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, மேலே நாலு கூடை மண்ணைப் போட்டு மிதித்துவிடுவார்கள். பார்வைக்கு மூடியாயிற்று. ஆனால் நாலரை அங்குல அகலத் துளையில் கல்லும் சாக்கும் அடிவரை போகாது. பத்து அடியிலோ இருபது அடியிலோ ஒன்றோடொன்று சிக்கி, பாட்டில் கழுத்தில் மாட்டின தக்கை மாதிரி நின்றுவிடும். அதற்கு மேலேதான் மண். அதற்குக் கீழே சில நூறு அடிக்கு வெறும் காற்று.

இந்தத் தக்கை வருடக்கணக்கில் நிற்கலாம். காய்ந்த மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளைவு மாதிரி பாரத்தைத் தாங்கும். சாக்கு மக்கும், மட்டை உளுக்கும், மழைத்தண்ணீர் மண்ணை நனைத்துக் கனமாக்கும், பிடிப்பைக் குறைக்கும். ஒரு நாள் தக்கை பிடி விடும். மேலே இருந்த மண் மொத்தமாக உள்ளே போகும். பக்கத்து மண்ணும் சரிந்து புனல் மாதிரி ஆகும். பல சமயம் முதலில் சரிவது அடியில்தான். மேலே புல் வேரோடு ஒரு மெல்லிய மண் தகடு மட்டும் மிஞ்சியிருக்கும். குழந்தையின் காலோ ஆட்டின் காலோ பட்டவுடன் அதுவும் போய்விடும். ஒரே நாளில் முளைத்த குழி என்று நாம் நினைப்பது, பல வருடமாக அடியில் நடந்த வேலையின் கடைசி நிமிடம்.

முக்கால் யூனிட் மண்

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நாலரை அங்குல அகலம், 600 அடி ஆழம் உள்ள ஒரு போரை அடியிலிருந்து மேல்வரை நிரப்ப எவ்வளவு மண் வேண்டும்? 600 அடி என்று கேட்டதும் லாரி லாரியாகக் கொட்ட வேண்டும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் சுமார் 66 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட். அதாவது முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. ஆறரை அங்குலப் போர் என்றால் சுமார் 140 கன அடி, ஒன்றரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

போர் போடும்போது கம்ப்ரஸர் காற்றில் வெளியே பறந்து குவியும் பாறைத் தூளே இதற்குப் பெரும்பாலும் போதும். அந்த ஓட்டையிலிருந்து வந்ததுதானே. அதை அள்ளி வேறு பக்கம் நிரவாமல் அங்கேயே வைத்திருந்து, தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும் திரும்ப உள்ளே கொட்டினால் செலவே இல்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், பெரிய கல்லை முதலில் போடக் கூடாது. பொடி ஜல்லியோ மணலோ தூளோ போட்டால் அடிவரை இறங்கும். நாலைந்து நாளும், ஒரு மழைக்குப் பிறகும் மண் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து மறுபடி நிரப்ப வேண்டும். ஒரு போர் போட ஆகிற செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் தண்ணீர் வராத போரைப் பார்க்கவே மனசு வராது என்பதும் உண்மை. கடன் வாங்கிப் போட்ட காசு அந்த ஓட்டைக்குள் போயிருக்கிறது. “எப்படியோ போகட்டும்” என்று விட்டுவிட்டு வருவதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது.

போர் ஏன் இவ்வளவு பொய்க்கிறது?

காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியாது. ஸ்ரீரங்கம் தீவில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஆற்று மணல். உறை இறக்கினாலே தண்ணீர் கிடைத்த ஊர். மணப்பாறைப் பக்கம் அப்படியில்லை. மலைக்கோட்டையைப் பார்த்தால் தெரியும், இந்த மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு அடியில் படுத்திருப்பது அந்த மாதிரிக் கெட்டிப் பாறைதான். பாறை முழுக்கத் தண்ணீர் இருக்காது, அதன் வெடிப்புகளில் மட்டுமே இருக்கும். வெடிப்பில் ரிக் பட்டால் தண்ணீர், பத்தடி தள்ளிப் போட்டால் வெறும் புகை. அதனால்தான் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்து நீரோட்டம் பார்ப்பவர்களுக்கு இன்னும் மவுசு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஓடுவதும் இந்தச் சூதாட்டத்தை நம்பித்தான். ஒரு போர் பொய்த்தால் அடுத்தது, அதுவும் பொய்த்தால் இன்னும் ஆழம். சென்னைக்குக் குடிதண்ணீர் ரயிலில் போன 2019 கோடையை நினைத்துப் பார்த்தால் போதும்.

பொய்த்த ஒவ்வொரு போரும் மண்ணுக்குள் ஓர் ஓட்டை. சங்கரன்கோவில் அருகே 2014 ஏப்ரலில் போருக்குள் விழுந்த சிறுவன் உயிரோடு மீட்கப்பட்டான், மதுரையில் உருவான கருவி ஒன்றின் உதவியோடு. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2017-இல் வந்த ‘அறம்’ படம் இதைத்தான் கதையாக எடுத்துக்கொண்டது. படம் பார்த்து அழுத ஊரில் இரண்டு வருடம் கழித்து நடுக்காட்டுப்பட்டி நடந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

2006 ஜூலையில் ஹரியாணாவின் குருக்ஷேத்திரம் அருகே போருக்குள் விழுந்த ஐந்து வயதுச் சிறுவனை ராணுவம் சுமார் 50 மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு மீட்டது. நாடே டிவியில் பார்த்த முதல் போர் மீட்பு அது. அதன் பிறகும் அடுத்தடுத்துக் குழந்தைகள் விழ, உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவான வழிமுறைகளைக் கொடுத்தது.

போர் போடுவதற்குக் குறைந்தது 15 நாளுக்கு முன் நிலத்துக்காரர் அதிகாரிகளுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். ரிக் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலை நடக்கும்போது சுற்றிலும் முள்கம்பி வேலியும், யாருடைய போர், யார் போடுகிறார்கள் என்ற பலகையும் இருக்க வேண்டும். போர் வாயைச் சுற்றி தரைக்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர் வருகிற மாதிரி சிமென்ட் மேடை கட்ட வேண்டும். வாயை இரும்புத் தகடு வைத்துப் பற்றவைக்கவோ, போல்ட் நட்டு போட்ட கெட்டி மூடியால் மூடவோ வேண்டும். மோட்டாரைப் பழுது பார்க்க வெளியே எடுத்தாலும், ஒரு ராத்திரிதானே என்று திறந்து போடக் கூடாது. கைவிட்ட போர் என்றால் களிமண், மணல், ஜல்லி, பாறைத் தூள் கொண்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். இதையெல்லாம் மாவட்ட ஆட்சியர் சரிபார்க்க வேண்டும். தமிழ்நாட்டிலும் ஊராட்சிப் பகுதிகளுக்கென்றே கிணறு தோண்டுவது, பாதுகாப்பு பற்றிய விதிகள் 2015-இல் வந்தன.

ஆக, நடுக்காட்டுப்பட்டிக்கு முன்பே விதி இருந்தது. ‘அடியிலிருந்து’ என்ற ஒரு சொல்லைத்தான் யாரும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லவில்லை. புதிய போருக்கு அனுமதி கேட்டு எழுதுவதற்காவது ஒரு காரணம் உண்டு. பழைய போர்களோ எந்தக் கணக்கிலும் இல்லாமல், சொந்தக்காரரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கின்றன. நிலம் கை மாறினால் அந்த ஞாபகமும் போய்விடும். மனை வாங்குகிறவர் பத்திரத்தையும் பட்டாவையும் பார்ப்பார், வில்லங்கம் போடுவார். “இங்க எங்கேயாவது பழைய போர் இருக்கா?” என்று கேட்பவர் அபூர்வம்.

எல்லாக் குழியும் போர் இல்லை

குழி விழ வேறு காரணங்களும் உண்டு. 2015 மழைக்குப் பிறகு ஆந்திராவின் கடப்பை மாவட்டக் கிராமங்களில் வட்டவட்டமாகக் குழிகள் விழுந்து மக்கள் வீட்டைக் காலி செய்தார்கள். அங்கே அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கும்போது லேசான அமிலத்தன்மை பெறும், அது சுண்ணாம்புப் பாறையை ஆயிரக்கணக்கான வருடமாகக் கரைத்துப் பொந்தாக்கும். பொந்தில் தண்ணீர் இருக்கும்வரை கூரைக்கு ஒரு தாங்கல். போர் போட்டு உறிஞ்சி நீர்மட்டம் இறங்கிவிட்டால் அந்தத் தாங்கல் போகும், அடுத்த பெருமழையில் கூரை இடியும். துருக்கியின் கொன்யா சமவெளியில் விவசாயத்துக்கு நிலத்தடி நீரை எடுத்து எடுத்தே இப்படி நூற்றுக்கணக்கான குழிகள் விழுந்திருக்கின்றன.

கேரளத்து மலைப் பகுதிகளில் வேறு கதை. அங்கே அடியில் ஓடும் மழைநீர் மண்ணை அரித்துக் குழாய் மாதிரிக் குடைந்துவிடுகிறது. மேலே வீடு நிற்கும், கீழே சுரங்கம் ஓடும். நகரத்தில் உடைந்த சாக்கடைக் குழாயும் கசியும் குடிநீர்க் குழாயும் அதே வேலையைச் செய்யும். 2017 ஏப்ரல் 9 அன்று சென்னை அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்க வேலை நடந்த இடத்தில் சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் குழிக்குள் இறங்கின. மன்னார்புரத்துக்குப் பக்கத்திலேயே, பொன்மலை ஜி கார்னர் மேம்பாலத்தில் 2024 ஜனவரியில் பக்கச் சுவர் சேதமாகி உள்ளிருந்த மண் வெளியேற, போக்குவரத்தையே திருப்பிவிட வேண்டியதாயிற்று. நம்பி நிற்கிற மண் நகர்ந்தால் என்ன ஆகும் என்று திருச்சிக்காரர்கள் அப்போது தினமும் பார்த்தார்கள்.

வானத்துக் கதையும் ஒன்று. 2016 பிப்ரவரி 6 அன்று, அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரும் சத்தத்தோடு குழி விழுந்து, ஒரு பேருந்து ஓட்டுநர் உயிரிழந்தார். விண்கல் என்று மாநில அரசே அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பு மாதிரித்தான் தெரிகிறது என்றார்கள். விண்கல் விழுந்து ஆள் சாவது அவ்வளவு அபூர்வம்.

திருச்சி நகரத்துக்கும் மணப்பாறைக்கும் அடியில் இருக்கும் கெட்டிப் பாறை சுண்ணாம்பு மாதிரித் தண்ணீரில் கரையாது. வடக்கே கல்லக்குடிப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தரும் பூமி வேறு வகை. மற்றபடி இங்கே வீட்டோரம் வட்டமாக ஒரு குழி விழுந்தால் அது இயற்கையின் வேலையாக இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. பழைய போர், தூர்த்த கிணறு, மறந்துபோன செப்டிக் டேங்க், கசியும் குழாய். யாரோ தோண்டினதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

குழியைப் பார்த்தால் என்ன செய்வது?

முதலில் தள்ளி நிற்பது. கண்ணுக்குத் தெரியும் வாயைவிட அடியில் குழி அகலமாக இருக்கலாம். படுத்து எட்டிப் பார்ப்பதும் விளிம்பில் நின்று வீடியோ எடுப்பதும் வேண்டாம். குழந்தைகளையும் மாடுகளையும் அந்தப் பக்கம் விடாமல், கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிலும் போட்டாவது வேலி கட்ட வேண்டும். குழிக்குள் தண்ணீர் விட்டுப் பார்க்கக் கூடாது, அது சரிவை வேகப்படுத்தும். உடனே மண்ணைக் கொட்டி மூடவும் கூடாது. மேலே இன்னொரு தக்கை உருவாகும், அவ்வளவுதான். நூலில் கல்லைக் கட்டி, நீளக் கழியின் நுனியில் தொங்கவிட்டு ஆழம் பார்க்கலாம். பழைய கிணறாகவோ டேங்காகவோ இருந்தால் யாரும் உள்ளே இறங்கவே கூடாது. விஷக்காற்று தேங்கியிருக்கும், ஒருவரைக் காப்பாற்ற இறங்கி இரண்டு மூன்று பேர் செத்த சம்பவங்கள் நிறைய.

அப்புறம் விஏஓவுக்கும் ஊராட்சிக்கும் தகவல் சொல்ல வேண்டும். யாராவது விழுந்திருந்தால் 112 அல்லது தீயணைப்புக்கு 101. உள்ளே கயிறு விடுவது, கம்பி விடுவது எல்லாம் மீட்புக்காரர்கள் வரும்வரை வேண்டாம். ஒரு தடவை பிடி நழுவினாலும் குழந்தை இன்னும் கீழே போகும். விழுந்த வாய்க்குப் பக்கத்தில் கூட்டம் நின்றால் மண் உள்ளே கொட்டும். மேலே இருந்து பெயர் சொல்லி அம்மா பேசிக்கொண்டே இருப்பது மட்டும் நல்லது.

பொய்த்த போரை மழைநீர் சேமிப்புக்கு மாற்றலாம் என்று நடுக்காட்டுப்பட்டிக்குப் பிறகு அரசு நிறையச் சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் ஓடுகிற மழைத்தண்ணீரை அப்படியே போருக்குள் திருப்பிவிட்டால் சாணமும் பூச்சிமருந்தும் நிலத்தடி நீரில் கலக்கும். சுற்றிலும் குழி வெட்டி, கருங்கல், ஜல்லி, மணல் என்று அடுக்கு போட்டு வடிகட்டி விட வேண்டும். போர் வாய்க்கு அப்போதும் பற்றவைத்த மூடி கட்டாயம்.

ஊரில் பழைய போர்கள் எங்கெங்கே என்று தெரிந்தவர்கள் வயதானவர்கள்தான். “அந்த வேப்ப மரத்துக்குக் கிழக்கால ஒரு போர் போட்டான், புகைதான் வந்துச்சு” என்று சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் நிலத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு இடத்திலும் கடப்பாரையால் குத்திப் பார்த்து, இறங்குகிற இடத்தில் ஒரு கல்லை நட்டு வைக்கலாம். கடப்பாரை பிடிப்பவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும். அதை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, மண் காய்ந்து கெட்டியாக இருக்கும்போது செய்வது உத்தமம்.